ராட்டினம் ஏற வந்த ஏட்டம்மா

1

முதல் தடவை விசா நேர்காணலுக்குச் சென்னை போனபோது என் அக்கா பேச்சியம்மாள் நான் போனில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். தங்கையைப் பார்க்க வேண்டும், தங்கை மகளைப் பார்க்க வேண்டும், லீவு முடிவதற்குள் திரும்பிவிடுவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, விசா இல்லை என்று ஒரு காகிதத்தை நீட்டி அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் மறுபடி போனாள். அந்தத் தடவை வேறொரு அதிகாரி. பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பெண். அமெரிக்காவில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"ராட்டினம் ஏறப் போறேன்" என்றாளாம் அக்கா.

அந்தப் பெண், "எந்த ராட்டினம்?" என்று கேட்டிருக்கிறாள்.

"அங்க இருக்கதுலயே எது பெரிசோ அது."

அதை ஆங்கிலத்தில் கேட்டதும் அதிகாரி சிரித்துவிட்டு பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். வெளியே வந்த அக்கா, தெருவில் நின்றபடியே எனக்குப் போன் போட்டாள். "ஏட்டி செல்வி, நீ சொல்லிக்குடுத்ததெல்லாம் வீண். உண்மையச் சொன்னேன், குடுத்துட்டாக!"

எங்களுக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். அக்கா காவல்துறையில் தலைமைக் காவலர், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். ஊருக்குள் அவள் 'ஏட்டம்மா'. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற அத்தான் வத்திராயிருப்பில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார்.

ராட்டினக் கதை எங்கள் சின்ன வயதில் தொடங்கியது. பூக்குழித் திருவிழாவுக்குப் போடும் கடைகளுக்கு நடுவில் பெரிய ராட்டினம் சுற்றும். அப்பா பஞ்சுமிட்டாய் வாங்கித் தருவார், வளையல் வாங்கித் தருவார். ராட்டினம் என்றால் மட்டும், "பொம்பளப் பிள்ளைகளுக்கு அது என்னத்துக்கு?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. எனக்கு உயரமென்றாலே பயம். அக்காதான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள். பிறகு வேலைக்குப் போனாள். அதே திருவிழாவில், அதே ராட்டினத்துக்குப் பக்கத்தில் அவளுக்குப் பந்தோபஸ்து. காக்கிச் சட்டையோடு ஏறி உட்கார முடியுமா? வருடா வருடம் ராட்டினத்தின் அடியிலேயே நின்றிருக்கிறாள்.

துறையில் அனுமதி வாங்கி, தடையில்லாச் சான்று வாங்கி, ஜூன் மாதம் ஃபுளோரிடாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆடி பிறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்ட சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தப் போலீசுக்கும் லீவு கிடையாது.

2

எங்கள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் புதிதாக ஒரு ரோலர் கோஸ்டர் திறந்திருந்தார்கள். அக்கா அதன் வீடியோவை ஊரிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தாள். "இதுதான்டி" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அதில் ஏறுவதற்குப் போய் வரிசையில் நின்றால் போதாது. வரிசையே கிடையாது. அல்லது, வரிசை போனுக்குள் இருக்கிறது. இதற்கு வர்ச்சுவல் க்யூ என்று பெயர். காலை ஏழு மணிக்குச் செயலியில் கதவு திறக்கும். அந்த நொடியில் பெயரைத் தட்டுகிறவர்களுக்கு ஒரு குழு எண் கிடைக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லா இடமும் போய்விடும். அதில் விட்டவர்களுக்கு மதியம் ஒரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு, ஆனால் அப்போது பூங்காவுக்குள் இருக்க வேண்டும்.

இதை அக்காவுக்கு விளக்க எனக்கு நேரம் ஆகவில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிக்கோம்ல, அதானடி இது?"

"அதேதான்."

"அப்போ துண்டு எறியத் தெரிஞ்ச ஆளு வேணும்."

நான் வந்த புதிதில் இந்த நாட்டு வரிசைகளிடம் பட்டது கொஞ்சமில்லை. முதலில் நியூ ஜெர்சியில் இருந்தோம். ஓட்டுநர் உரிமம் வாங்க ஓர் அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வந்த ஒருவர், "ஆர் யூ ஆன் லைன்?" என்றார். இணையத்தில் பதிந்தவளா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "நோ, நோ, நேரில்தான் வந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டு எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே. வரிசையில் நிற்பதை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரியும்போது நான் கடைசியில் இருந்தேன்.

அக்கா ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது பூங்காவுக்கு நாள் குறித்தோம். அதற்கு முன் தினமும் மழை, இல்லையென்றால் ரவிக்கு அலுவலகம். ரவி என் கணவர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அன்று காலை சமையலறை மேசையைச் சுற்றி ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். ரவி, நான், எங்கள் மகள் மித்ரா. அக்காவின் போனில் அந்தச் செயலி இல்லை. அவள் மேசையின் தலைப்பக்கத்தில் நின்றுகொண்டு, "எல்லாரும் ரெடியா?" என்று அதட்டினாள்.

ஏழு மணி. தட்டினோம். வட்டம் சுற்றியது. ரவி போனில் சுற்றியது, என் போனில் சுற்றியது. பிறகு இரண்டு போனிலும் ஒரே வாசகம். இன்றைய காலை இடங்கள் நிறைந்துவிட்டன.

மித்ராவின் போன் மட்டும் மணியடித்தது. அவள், "யெஸ்!" என்று துள்ளினாள். அவளோடு பள்ளியில் படிக்கும் தோழிகளும் அன்று அதே பூங்காவுக்கு வருவதாக இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, தன் குழுவில் மித்ராவையும் சேர்த்துவிட்டிருக்கிறாள். இடம் மித்ராவுக்கு மட்டும்.

அதைப் புரிந்துகொள்ள அக்காவுக்குச் செத்த நேரம் ஆனது. புரிந்ததும், "நீயாவது ஏறிட்டு வாட்டி. எப்படி இருந்துச்சுன்னு பெரியம்மாட்ட வந்து சொல்லு" என்றாள். சொல்லிவிட்டுக் காபி தம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். மித்ரா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

3

மித்ராவுக்குப் பதினைந்து வயது. இரண்டு வருடமாக அவளோடு நான் பேசுவதெல்லாம் சாப்பாடு, துணி, எத்தனை மணிக்கு வருவாய் என்ற அளவில்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், பாதி பதில் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும். பெரியம்மா வந்த பிறகு சில தமிழ்ச் சொற்கள் வெளியே வந்தன. ஆனால் தோழிகள் விஷயத்தில் அவளை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவர்கள் ஐந்து பேரும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வருவதென்று ஒரு மாதம் முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

பூங்கா வாசலில் சோதனைக்கு வரிசை. அக்கா கேட்காமலேயே இரு கைகளையும் அகட்டி நின்றாள். சோதித்த பெண்ணின் சீருடையை மேலும் கீழும் பார்த்து, "துணி நல்லாருக்கு" என்று என்னிடம் சொன்னாள். உள்ளே நுழைந்ததும் ஒரு வளைவில் கூட்டம் நெருக்கியடித்தது. அக்காவின் வாய் தானாகத் திறந்தது. "ஒத்த வரிசை! ஒத்த வரிசை! பிள்ளைகளக் கையில பிடிங்க!" என்று முழுக் குரலில் கத்திவிட்டாள். முன்னால் நின்ற வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று என்ன ஏதென்று தெரியாமலே ஒருவர் பின் ஒருவராக நின்றது. ரவி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அங்கங்கே இரண்டு வாசல்கள் இருப்பதை அக்கா கவனித்தாள். ஒன்றில் நீண்ட வரிசை, ஒன்றில் ஆட்கள் நடந்துகொண்டே உள்ளே போனார்கள்.

"அது என்னடி?"

"தனியா பணம் கட்டினவங்களுக்கு, அக்கா."

"இங்கயும் சிறப்பு தரிசனமா!" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

மித்ரா காலையிலேயே தோழிகளோடு போய்விடுவாள் என்று நினைத்தேன். எங்களோடேயே வந்தாள். போனில் மட்டும் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு மணி நெருங்கும்போது நாங்கள் ஒரு மரத்தடியில் நின்றோம். ரவியும் நானும் போனைக் கையில் எடுத்தோம். மித்ரா என்னிடம் வந்து, "நானும் போடறேன்" என்றாள்.

"உனக்குத்தான் இடம் இருக்கே? இருக்கும்போது மறுபடி கேட்க முடியாதே?"

"இல்ல. நான் அதை கேன்சல் பண்ணிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். அதற்கு மேல் கேட்க நேரமில்லை. ஒரு மணி ஆகிவிட்டது. ரவி தட்டினார், நான் தட்டினேன், பழையபடி வட்டம் சுற்றியது. மித்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரே தட்டு தட்டினாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"கிடைச்சிருச்சு! பெரியம்மா! கிடைச்சிருச்சு!"

மித்ரா, அக்கா, நான். மூன்று பேருக்கும் ஒரே குழு எண். அக்கா அவளை அலாக்காகத் தூக்கிவிட்டாள். பதினைந்து வயதுப் பெண்ணை நடுப் பூங்காவில் ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள். வருகிறவர்கள் போகிறவர்கள் கைதட்டினார்கள்.

4

எங்கள் குழுவைக் கூப்பிட்டது சாயங்காலம். அதன் பிறகும் வரிசை உண்டு என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. போனுக்குள் நின்றது போக, இப்போது காலால் நிற்க வேண்டும். கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதை, மேலே கூரை. ரவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பாதி தூரம் போயிருப்போம். வானம் கறுத்தது. தூரத்தில் மின்னல் வெட்டியது. இங்கே மின்னல் பக்கத்தில் வந்தால் வெளியே ஓடுகிற எதையும் நிறுத்திவிடுவார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. எப்போது மறுபடி ஓடும் என்று தெரியாது, ஓடாமலும் போகலாம், போக விரும்புகிறவர்கள் போகலாம், வெளியேறினால் இடம் போய்விடும்.

சிலர் கிளம்பினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"நான் நிக்கேன்" என்றாள். "நிக்கிறது எனக்கு வேலைதான?"

மழை கூரையில் இறைந்து பெய்தது. மித்ராவின் போனில் உயிர் போய்விட்டது, என்னுடையதும் போகிற நிலையில். மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்தோம். மித்ரா அக்காவின் முழங்கையைத் தொட்டு, "பெரியம்மா, நீங்க பயமா இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஸ்டேஷன்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக" என்றாள் அக்கா.

மித்ராவுக்குப் புரியவில்லை. பயப்படுகிறாயா என்று கேட்க நினைத்து, பார்க்கவே பயமாக இருக்கிறாயே என்று கேட்டுவிட்டாய் என்று நான் விளக்கியதும், அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். அதன் பிறகு தடையில்லாமல் பேச்சு ஓடியது. பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மிச்சம் கைசாடை. நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் தேவைப்படவில்லை.

ஊரில் இவ்வளவு பெரிய கூட்டம் வருமா என்று மித்ரா கேட்டாள். அக்கா ஆடிப்பூரத் தேரைப் பற்றிச் சொன்னாள். தேர் என்றால் என்ன என்று மித்ரா என்னைப் பார்த்தாள். டெம்பிள் கார் என்றேன். "காரா? எத்தனை பேர் உக்காரலாம்?" என்றாள். அக்கா அதையும் ரசித்தாள்.

"நீங்க அதை டெய்லி பாப்பீங்களா?"

"வருசத்துக்கு ஒரு தடவதான் ஓடும். நான் எங்க பாத்தேன்? தேரு வரும்போது போலீசு தேருக்கு முதுகக் காட்டித்தான் நிக்கணும், ஜனங்களப் பாத்து. பிள்ள தவறிரும், செயின அத்துக்கிட்டுப் போயிருவான், வடத்துக்குக் குறுக்க எவனாவது விழுவான். பின்னால சத்தம் வரும். முன்னால அம்புட்டுப் பேரு மொகமும் ஒண்ணுபோல மேல பாக்கும். அத வச்சுத்தான், ஆகா, தேரு வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்கிடுவேன்."

இதை அவள் குறையாகச் சொல்லவில்லை. வேலையைச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். ஆனால் எனக்கு இது தெரியாது. கூடப் பிறந்தவள், வாரம் தவறாமல் பேசுகிறவள். என்ன சமையல், மழை உண்டா, அத்தானுக்குச் சளி விட்டதா என்று கேட்டிருக்கிறேனே தவிர, நீ நிற்கிற இடத்திலிருந்து என்ன தெரியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பிறகு அக்கா மித்ராவிடம் கேட்டாள். "ஏட்டி, உன் கூட்டாளிகளோட போகாம எதுக்கு அதக் கேன்சல் பண்ண? அவளுக கோவிச்சுக்கிட மாட்டாளுகளா?"

"கோவம்தான். பட், அவங்க எப்பவும் வருவாங்க. நீங்க நாளைக்கு அப்புறம் இல்ல."

"ஆத்தாடி! நல்ல வார்த்தையாச் சொல்லுட்டி! நாளைக்கு அப்பறம் நான் ஊர்ல இருப்பேன்!"

இந்தத் தடவை எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வேற்று நாட்டுக்காரர்களும், காரணம் தெரியாமலே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மழை குறைந்தது. கொஞ்சம் கழித்து, மேலே தண்டவாளத்தில் காலி வண்டி ஒன்று தடதடவென்று ஓடியது. சோதனை ஓட்டம். வரிசை முழுக்க எழுந்து நின்று கூவியது. அக்கா விசில் அடித்தாள்.

5

ஏறும் இடத்துக்கு வந்தோம். வண்டியைப் பக்கத்தில் பார்த்ததும் நான் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இந்த ஊரில் குடியேறி இத்தனை வருடத்தில் நான் எதிலும் ஏறியதில்லை. யார் வந்தாலும் அழைத்துக்கொண்டு வருவேன், பைகளையும் தொப்பிகளையும் வாங்கிக்கொண்டு வெளியே நிற்பேன். அன்று எப்படியும் ஏறிவிடுவது என்றுதான் உள்ளே வந்தேன். முடியவில்லை.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் போங்க. பைய நான் வச்சுக்கிடுதேன்."

"இம்புட்டு நேரம் நின்னுட்டா?"

"என்னால ஆகாது."

அக்கா வற்புறுத்தவில்லை. கழுத்தில் தொங்கிய படிக்கிற கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். எத்தனை பேர் என்று கேட்ட ஊழியரிடம், "டூ!" என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினாள். முதல் வரிசை அவர்களுக்கு. அப்படி மனம் மாறுகிறவர்களுக்கென்றே ஓரத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். அதன் வழியாக வெளியே வந்தேன்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வண்டி மெல்ல மெல்ல ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. கவிழ்ந்தது. அத்தனை பேர் அலறலுக்கு நடுவில் ஒரு குரல் தனியாகக் கேட்டது. "ஆத்தீ...!"

மழையில் கழுவிவிட்ட ஃபுளோரிடா வானத்தில் எங்கள் வீட்டுக் குரல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. பக்கத்தில் நின்ற ரவியின் தோளில் அடித்து, "கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்றேன்.

வெளியே வந்த அக்காவைப் பார்க்க வேண்டும். கொண்டை அவிழ்ந்து முதுகெல்லாம் முடி. தொண்டை போய்விட்டது. நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்தாள். மித்ரா அவள் மடியில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"கண்ண மூடவே இல்லடி" என்றாள் கரகரத்த குரலில். "உச்சியில நின்னுச்சுல்ல, அப்ப ஏரி தெரிஞ்சது, அம்புட்டு மரமும் தெரிஞ்சது, நம்ம கார் நிறுத்துன இடங்கூடத் தெரிஞ்சது. பொறவு ஒண்ணும் தெரியல. நான் கீழ வந்துட்டேன், வயிறு இன்னும் வரல."

6

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் வாணவேடிக்கை. கூட்டம் மொத்தமும் ஏரிக்கரைப் பக்கம் போனது. நாங்களும் போய்க்கொண்டிருந்தோம். வழியில் பழைய மரக் கோஸ்டர் ஒன்று. காலையில் அதன் வாசலில் இரண்டு மணி நேரக் காத்திருப்பு என்று பலகை சொன்னது. இப்போது வாசலில் ஊழியர் ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஒரு ஈ காக்காய் இல்லை. வண்டி காலியாகப் போய்க் காலியாக வந்தது.

அக்கா நின்றாள். மித்ராவும் நின்றாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஓடுங்க, பெரியம்மா!"

இருவரும் ஓடினார்கள். கம்பிகளுக்கு நடுவே ஆளில்லாத வளைவுகளில் குனிந்து புகுந்து ஓடினார்கள். ஒரு சுற்று வந்தார்கள். வரிசையில் ஆளில்லாததால் ஊழியர் அவர்களை இறங்கச் சொல்லவில்லை. அப்படியே இன்னொரு சுற்று. தூரத்தில் வாணம் வெடித்தது, எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். தோளில் மூன்று பை, கையில் இரண்டு தொப்பி, அக்காவின் கண்ணாடி. மேலே அவர்கள் இரண்டு பேர் சிரிப்பும் கேட்டது.

நான் பைகளைக் கழற்றி ரவியின் கழுத்தில் மாட்டினேன், தொப்பிகளையும் கண்ணாடியையும் அவர் கையில் திணித்தேன்.

"நீயா?" என்றார்.

பதில் சொல்ல நின்றால் மனம் மாறிவிடும். ஓடினேன். வண்டி வந்து நின்றபோது அவர்களுக்குப் பின்னிருக்கையில் விழுந்து உட்கார்ந்தேன். மித்ரா திரும்பி, "அம்மா!" என்று கத்தினாள். அக்கா கையைப் பின்னால் நீட்டி என் முட்டியை ஒரு தட்டு தட்டினாள். இடுப்புக் கம்பி இறங்கியது. பலகைகள் கிறீச்சிட, வண்டி ஏறத் தொடங்கியது. முன்னால் அவர்கள் இருவரும் கைகளை உயரத் தூக்கினார்கள். நான் கம்பியை விடவில்லை. உச்சியில் கண்ணைத் திறந்து பார்த்தேன். அதன் பிறகு நடந்த எதையும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. கத்தினேன், அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை.

வண்டி வந்து நின்றது. வாசலில் இன்னும் யாரும் இல்லை. ஊழியர் எங்களைப் பார்த்து, இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டார்.

"ஆமா!" என்று தமிழிலேயே கத்தினேன்.